சொல்லுக்குப் பிணை: கவிதை, தன்வரலாறு, பயன்நூல் ஆகியவற்றில் வாசகர் மதிப்பது யாது?

நூலகத்தார் நூல்களை வகைப்படுத்தும்போது கவிதையை ஓர் அடுக்கிலும், தன்வரலாற்றை மற்றோர் அடுக்கிலும், சமையல், மருத்துவம், வேளாண்மை, வாழ்க்கை முன்னேற்றம் முதலிய பயன்நூல்களைப் பிறிதோர் அடுக்கிலும் வைப்பர். தமிழ்த்துறைகளும் இப்பிரிவினையை ஏற்றே இயங்கி வந்துள்ளன. பாடத்திட்டத்தில் கவிதைக்கு முதலிடம் உண்டு. தன்வரலாற்றுக்கு உரைநடைத் தாளில் ஓர் ஓரம் உண்டு. பயன்நூலுக்கோ வாயிற்படியில் நிற்கும் உரிமைகூட இல்லை. வாசகர் இவ்வாறு பிரித்துப் படிப்பதில்லை. ஒரே மாணவி காலையில் போட்டித் தேர்வு நூலையும், பேருந்தில் புதுக்கவிதையையும், இரவில் ஒரு பெரியாரின் வாழ்க்கைக் கதையையும் படிக்கிறாள். பிடித்த நூலைப் பற்றித் தோழியிடம் சொல்லும்போது, அது எவ்வகை நூலாயினும், அவள் சொல்லும் பாராட்டு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது: "உண்மையாக எழுதியிருக்கிறார்." கற்பனை கலந்த கவிதைக்கும், அளவு குறித்த சமையல் நூலுக்கும் பொதுவாக இருக்கக்கூடிய இந்த உண்மை யாது? இவ்வினாவையே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

விடையை முன்கூட்டியே கூறிவிடுதல் நன்று. சொல்பவர் தம் சொல்லுக்குப் பிணை நிற்கிறாரா என்பதையே வாசகர் மூன்று வகை நூல்களிலும் பார்க்கின்றனர் என்பது நம் கருத்து. கடனுக்குப் பிணை நிற்பவன் கடன் தீராவிடில் தன் பொருளை இழப்பான். அதுபோலவே, சொன்னது பொய்த்தால் சொன்னவருக்கும் இழப்பு உண்டு என்னும் நிலையில் எழுதப்பட்ட எழுத்துக்கு ஒரு கனம் ஏற்படுகிறது. அக்கனத்தை வாசகர் எவ்வாறோ உணர்ந்துகொள்கின்றனர். இலக்கணமும் திறனாய்வும் பயிலாதவரும் இதில் பெரும்பாலும் ஏமாறுவதில்லை.

தாமற் புலவரின் சூதாட்டம்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டித் தாமல் என்னும் ஊர் உள்ளது. பரந்த ஏரியாலும், வராகீசுவரர் கோயிலாலும், தாமோதரப் பெருமாள் கோயிலாலும் அறியப்படுவது இவ்வூர். பண்டைத் தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று இதன் பெயரால் தாமல் கோட்டம் என வழங்கியது. அவ்வழியே நாள்தோறும் பேருந்தில் செல்லும் மாணவர் பலர் அறியாத செய்தி ஒன்று இவ்வூர்ப் பெயரோடு தொடர்புடையது. புறநானூற்றின் 43ஆம் பாடலைப் பாடியவர் தாமப்பல் கண்ணனார். தாமற்பல் கண்ணனார் என்றும் பாடம் உண்டு. அப்பெயரைத் தாமல் என்னும் இவ்வூரோடு இயைத்துக் காண்பவர் உளர்.

பாடலின் பின்னணி சுவையானது. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் புலவரும் வட்டாடிக்கொண்டிருந்தனர். ஆட்டத்தில் புலவர் வட்டினைக் கையில் மறைத்துவிட்டார். வெகுண்ட இளவரசன் வட்டால் புலவரை எறிந்தான். அடிபட்ட புலவரோ, 'உன் முன்னோர் அந்தணரை நோகச் செய்தவர் அல்லர். நீ சோழன் மகன்தானா?' என்று அவன் பிறப்பையே ஐயுற்றுப் பேசிவிட்டார். அதற்கு இளவரசன் மேலும் சினக்கவில்லை, நாணித் தலைகுனிந்தான். அந்த நாணத்தைக் கண்ட பின்னரே பாடல் பிறந்தது. தவறு செய்தவர் தாமாக இருக்க, அடித்தவன் நாணினானே என்று வியந்து, பிழை தம்முடையதே என ஒப்பி, காவிரி குவித்த மணலினும் பலவாக அவன் வாழ்நாள் பெருகுக என வாழ்த்துகிறார் புலவர்.

இப்பாடலை எந்த அடுக்கில் வைப்பது? யாப்பால் அது கவிதை. பொருளால் அது தன்வரலாற்றின் ஓர் ஏடு. சினத்தை எவ்வாறு ஆற்றுவது, பிழையை எவ்வாறு ஒப்புவது என்று கற்பிப்பதால் அது வாழ்வியல் நூலும் ஆகும். மன்னனைப் புகழ்ந்த சங்கப் பாடல்கள் பல. புகழ்ச்சிக்குப் பரிசில் உண்டு. ஆதலால் புகழும் புலவனுக்கு இழப்பு ஏதுமில்லை. இப்பாடலிலோ தாமற் புலவர் தம் மானத்தையே பணயமாக வைக்கிறார். ஆட்டத்தில் வட்டை ஒளித்தவர் பாட்டில் எதையும் ஒளிக்கவில்லை. மாணவர்க்கு இப்பாடலை நடத்தும்போது அருஞ்சொற்பொருளில் தேங்கிய வகுப்பு, இந்தக் கதையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்காருவதை ஆசிரியர் எவரும் கண்டிருப்பர்.

கவிதையில் பிணை

இன்றைய கவிதைக்கு வருவோம். 1971இல் கோவையில் எழுந்த வானம்பாடி இயக்கமும், 1974இல் வெளிவந்த மு. மேத்தாவின் கண்ணீர்ப் பூக்கள், அப்துல் ரகுமானின் பால்வீதி ஆகிய தொகுதிகளும் புதுக்கவிதையைக் கல்லூரி மாணவரின் கைக்குக் கொண்டு வந்தன. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் நீண்டகாலம் தமிழ் கற்பித்த கவிக்கோவிடம் பயின்றோரும், பயிலாமலே அவரைப் பின்பற்றியோரும் வட ஆர்க்காட்டிலும் காஞ்சி வட்டாரத்திலும் பலர். கவிதை எழுதுவதற்கு யாப்பு ஒரு தடையாக இனி இல்லை என்ற செய்தி அவ்விளைஞர்க்கு விடுதலையாக ஒலித்தது.

தடை நீங்கியபோது ஒரு சோதனையும் நீங்கிற்று என்பதைச் சொல்லியாக வேண்டும். வெண்பா எழுதுபவன் தளை தட்டினால் உடனே அகப்பட்டுக்கொள்வான். அங்கே யாப்பே ஒரு பிணை. புதுக்கவிதையில் அந்தப் பிணையை அனுபவம் ஏற்றாக வேண்டியிருந்தது. எல்லாரிடத்தும் அது ஏற்கவில்லை. ஈற்றடியில் ஒரு திருப்பம் வைத்துக் கைதட்டல் வாங்கும் கவிதைகள் மேடைதோறும் பெருகின. முதன்முறை கேட்கையில் மின்னும் இக்கவிதைகளை இரண்டாம் முறை படிக்க முடிவதில்லை. விடை தெரிந்த விடுகதையை மீண்டும் கேட்பவர் யார்? ஒரு வாக்கியத்தை மூன்றாக ஒடித்து ஐக்கூ எனப் பெயரிடும் வழக்கமும் அவ்வாறே. ஐக்கூவையும் கசலையும் தமிழுக்கு அறிமுகம் செய்ய உழைத்த கவிக்கோவின் பெயரால் இவ்வெளிய வேலை நடைபெறுவது வருந்தத்தக்கது. அவர் கசல் வடிவத்தில் மின்மினிகளால் ஒரு கடிதம் என ஒரு தொகுதியே எழுதுமுன் அவ்வடிவத்தை ஆழ்ந்து பயின்றவர்.

வாசகர் மறவாத கவிதைகள் எவை? யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு எரியூட்டப்பட்டது. அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000 என்பர். அந்நிகழ்ச்சி குறித்து எழுதப்பட்ட கவிதைகளுள் கல்முனையைச் சேர்ந்த எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' தனித்து நிற்கிறது. நூலகப் படிக்கட்டில் புத்தரே சுட்டுக் கொல்லப்பட்டதாக அமைந்த கற்பனை அது. அவ்வாறு ஒன்று நிகழவில்லை என்பதை எல்லாரும் அறிவர். ஆயினும் அதைப் படிப்பவர் பொய் என்று சொல்வதில்லை. எரித்தவர்கள் யாரை வணங்குவதாகச் சொல்லிக்கொண்டார்களோ அவரையே கொன்றார்கள் என்னும் கணக்கு அங்கே துல்லியமாகத் தீர்க்கப்படுகிறது. இலங்கையில் வாழ்ந்துகொண்டே அதனை எழுதியவர் கிழக்கிலங்கை முஸ்லிம் ஒருவர். எழுதுவதால் அவருக்கு நேரக்கூடிய தீங்கு கற்பனை அன்று. 1985இல் வெளிவந்த மரணத்துள் வாழ்வோம் என்னும் ஈழத்துக் கவிதைத் தொகுதியையும் தமிழக வாசகர் இக்காரணம் பற்றியே போற்றினர். அணிநலத்தில் அதனினும் மிக்க தொகுதிகள் தமிழகத்தில் அப்போதே இருந்தன.

அண்மைக்கு வந்தால், துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மாவைச் சொல்ல வேண்டும். பருவமெய்தியதும் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளிருந்தே, புனைபெயரில், மறைவாக எழுதியவர் அவர். 2000ஆம் ஆண்டில் ஒரு மாலையும் இன்னொரு மாலையும் என்னும் முதல் தொகுதி வெளிவந்தபோது பாராட்டும் கண்டனமும் ஒருசேர எழுந்தன. நம் பெரியோர் சிலர்க்கு அக்கவிதைகளின் துணிவு உவப்பாக இராது என்பதை அறிவோம். அவர்கள் கருத்தை மதிக்கிறோம். எனினும் ஒன்றைக் கூறியாக வேண்டும். எழுதியது தெரிந்தால் என்ன நேரும் என்று அறிந்தே எழுதிய ஒரு பெண்ணின் சொல்லை, எழுதுவதால் எதுவும் நேராதவரின் சொல்லோடு ஒரே தராசில் நிறுத்தல் முறையாகாது. பள்ளி நின்றுபோன பெண்மக்கள் தம் கதையைத் தாம் படித்ததாக உணர்ந்தனர் என்றால் அதற்கு அணியிலக்கணத்தில் காரணம் தேடிப் பயனில்லை.

சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிஞர் இன்குலாப்பின் பாடல்கள் கே.ஏ. குணசேகரனின் குரலில் ஊர்தோறும் ஒலித்தன என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 2016இல் இன்குலாப் மறைந்தபின், 2017ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது காந்தள் நாட்கள் தொகுதிக்கு அறிவிக்கப்பட்டது. அவர் குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. கவிஞர் தம் வாழ்நாளில் கொண்டிருந்த நிலைக்கு அவர் மறைந்தபின்னும் பிணை நின்றனர்.

தன்வரலாறு

தன்வரலாறு எழுதுவது மூன்றனுள் எளிது போலத் தோன்றி மிக அரிதாய் முடிவது. பிறந்த ஊர், பெற்றோர், பெற்ற பட்டங்கள், சந்தித்த தலைவர்கள் என அடுக்கினால் ஒரு நூல் ஆகிவிடும். அத்தகைய நூல்களை வெளியீட்டு விழாவிற்குப் பின்னர் யாரும் திறப்பதில்லை.

உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம் 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஆசிரியர் மறைந்தமையால் முற்றுப்பெறாமல் நின்று, 1950இல் நூலாயிற்று. அந்நூலில் எந்தப் பகுதியை வாசகர் மறவாது நினைவுகூர்கின்றனர்? ஏடு தேடிய இன்னல்களைச் சிலர் சொல்வர். பெரும்பாலோர் சொல்வது வேறொன்று. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப் பணியேற்ற ஐயர், அவ்வூரில் முன்சீப்பாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் செல்கிறார். என்ன படித்தீர் என்கிறார் முதலியார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை எனத் தாம் கற்றவற்றை ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. இவற்றைப் படித்து என்ன பயன், பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். ஐயர் அந்நூலைக் கண்ணாலும் கண்டதில்லை.

தமிழ்த் தாத்தா என நாடே போற்றிய முதுமையில், இலட்சக்கணக்கானோர் படிக்கும் வார இதழில், தமக்குச் சிந்தாமணி தெரியாதிருந்ததை அவர் எழுதினார். முதலியாரின் கேள்விகளால் தம் உள்ளத்தில் எழுந்த மனக்குறையையும் விடவில்லை. அவர் எழுதாதிருந்தால் அந்த அறையில் நடந்ததை உலகம் அறிந்திராது. பின்னர் கும்பகோணத்துச் சமணர்களை நாடிச் சென்று, அவர்தம் சமயக் கருத்துகளை மாணவனைப் போலக் கேட்டுக் கற்று, 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த வரலாறு நமக்குச் சுவைப்பது, இந்த அறியாமையை முதலில் காட்டியதனால்தான். நாமக்கல் கவிஞரின் என் கதை, திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகள் ஆகியனவும் 1944இல் வந்தவை. அவையும் நல்ல நூல்களே. எனினும் மாணவர் ஒருவர் ஒரே ஒரு தன்வரலாறு படிக்க இயலும் எனில் என் சரித்திரத்தையே கையில் கொடுப்போம்.

தன் குறையைச் சொல்வது ஒரு துணிவு. தன்னைச் சேர்ந்தோரைப் பற்றிச் சொல்வது மற்றொன்று. அங்கே இழப்பு எழுதியவரோடு நிற்பதில்லை. பாமாவின் கருக்கு 1992இல் வெளிவந்தபோது, தம்மை இவ்வாறு எழுதிவிட்டாளே என அவர் ஊரார் முதலில் சினந்தனர். பின்னர் படித்த இளைஞர் விளக்கக் கேட்டு உணர்ந்து, அந்நூலைத் தமதாகக் கொண்டனர். தமிழாசிரியர் சிலர் அந்நூலின் பேச்சுநடையைக் குறையாகச் சொன்னதுண்டு. அவ்வூர்த் தெருவின் பேச்சைச் செந்தமிழாக்கியிருந்தால் அவ்வூரார்க்கு அது தம் குரலாகக் கேட்டிராது என்பதை அவர்கள் எண்ணவில்லை. முன்னர்க் குறித்த கே.ஏ. குணசேகரனும் 2005இல் வடு என்னும் தன்வரலாற்றை எழுதினார். இளையான்குடி வட்டாரத்தில் கழிந்த இளமைப் பருவத்தின் சாதித் தழும்புகளை மிகை சிறிதுமின்றிக் கூறுவது அது. இவ்விரு நூல்களையும் நம் மாணவர் கண்ணீர் வரும் என எதிர்பார்த்து எடுக்கின்றனர். ஆங்காங்கே வாய்விட்டுச் சிரிக்கின்றனர். துன்பத்தை விற்க வந்தவர் தம் துன்பத்தினூடே சிரிப்பைக் காட்டமாட்டார். அந்தச் சிரிப்பே இவ்வாசிரியர்களை நம்பச் செய்கிறது.

நம் மரபில் இதற்கு ஒரு துணை உண்டு. நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள், செய்தியை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து சந்தித்தவரா, அவர் நினைவாற்றல் எத்தகையது, நாணயம் எத்தகையது என அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த பின்னரே ஏற்றனர். சொல்லின் மதிப்பு சொன்னவரிடத்தில் இருக்கிறது என்னும் இக்கொள்கையை ஓதும் பள்ளியிலேயே கேட்டு வளர்ந்த நம் பெரியோர்க்கு, தன்வரலாற்றை எவ்வாறு படிப்பது என்று பிறர் கற்பிக்க வேண்டியதில்லை.

பயன்நூல்

பயன்நூலை இலக்கியமன்று என ஒதுக்கும் வழக்கத்தைக் குறித்தோம். 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார் என்னும் நூலை எடுத்துக்கொள்வோம். அதன் தலைப்பிலேயே ஆசிரியரின் பிணை அமைந்துவிட்டது. நம்பாதே, சமைத்துப் பார் என்கிறார். சமையலறைக்குள் ஒருநாளும் நுழையாத மணப்பெண்ணும் செய்யத்தக்க வகையில் எத்தனை பேருக்கு எவ்வளவு பருப்பு, எவ்வளவு புளி என அளவுகள் குறிக்கப்பட்டுள்ளன. பாட்டிமார் 'கண்ணளவு', 'கைப்பிடி' என்று சொல்லி மறைத்த இரகசியம் அச்சேறியது. சீர்வரிசைப் பாத்திரங்களோடு பல வீடுகளில் அந்நூலும் புகுந்தகம் சென்றது. தாயைப் பிரிந்து அயலூரில் வாழச் சென்ற பெண்ணுக்கு அந்நூல் செய்த உதவியைக் காவியங்கள் செய்தன எனக் கூற இயலாது. கைப்பேசித் திரையில் சமையலைக் காணொளியாகவே காணும் இக்காலத்திலும் அந்நூல் விற்பனையாகிறது. அளவு பிழைத்தால் குழம்பு அன்றைக்கே காட்டிக் கொடுத்துவிடும். கவிஞனுக்கு இல்லாத கடுமையான தேர்வு இது.

வாழ்க்கை முன்னேற்ற நூல்களைத் தமிழில் தொடங்கி வைத்தோருள் தொண்டியில் பிறந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் தலையானவர். 1948இல் அவர் எழுதிய வாழ்க்கையில் வெற்றி, சோர்வுற்ற இளைஞர் பலரைத் தூக்கி நிறுத்தியது. பின்னர் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தனியொருவராய் உருவாக்கிய உழைப்பு, அவர் தாம் எழுதிய முன்னேற்ற நூல்களுக்குத் தாமே எழுதிய உரை எனலாம். பின்வந்த முன்னேற்ற நூல்கள் பலவற்றில் இப்பண்பு குன்றிவிட்டது. அவற்றில் வென்றவர் மட்டுமே வருகின்றனர். அதே வழியில் சென்று தோற்றவர் எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை. ஆசிரியர் தாம் கூறும் வழியில் எங்கே இடறினார் என்பதும் இல்லை. வாசகர் அவற்றை வாங்குகின்றனர். இரவல் கொடுத்தது திரும்பி வராவிடின் கேட்பதில்லை. மதிப்பை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் உண்டோ?

1999இல் வெளிவந்த அப்துல் கலாமின் அக்கினிச் சிறகுகள் அவ்வாறன்று. இரவல் கொடுத்தோர் அதனைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றனர். விமானப்படைத் தேர்வில் 25 பேருள் ஒன்பதாவதாக வந்து, எட்டு இடமே இருந்தமையால் வாய்ப்பிழந்த செய்தியை அவர் மறைக்கவில்லை. 1979 ஆகஸ்டு 10 அன்று அவர் தலைமையில் ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி சில நிமிடங்களில் வங்கக் கடலில் வீழ்ந்தது. அன்று செய்தியாளர்முன் தோல்வியைத் தம் தலைமேல் ஏற்றவர் சதீஷ் தவான் என்பதையும், 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியபோது பேசும் வாய்ப்பைத் தமக்குத் தந்தவர் அவரே என்பதையும் கலாம் பிற்காலத்தில் மாணவர் அவைகளில் திரும்பத் திரும்பக் கூறினார். இராமேசுவரத்துப் படகோட்டியின் மகன் குடியரசுத் தலைவரான கதையைப் போல, ஒன்பதாம் இடம் பெற்றவன் என்ன செய்தான் என்பதையும் நம் மாணவர் விரும்பிப் படிக்கின்றனர். தரவரிசையில் ஒன்பதாமவராய் நின்று திரும்புவோரே நம்மிடையே பெரும்பான்மையர்.

மருத்துவக் குறிப்பு நூல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே பிணையற்ற சொல் வாசகரின் உடலில் விடியும். பெயரில்லாத ஒருவர் கூறிய மருந்தை அச்சில் கண்டதனாலோ, கைப்பேசியில் வந்ததனாலோ உட்கொள்பவர், முன்னர்க் கூறிய அறிவிப்பாளர் தொடரைச் சற்று நினைத்துக்கொள்வது நலம்.

எழுதப்படாத ஒரு நூல்

இவ்வளவும் கூறியபின் காஞ்சி வட்டாரத்தை நோக்கினால் ஒரு பெருங்குறை புலப்படுகிறது. பட்டுச்சேலையால் உலகறிந்த இவ்வட்டாரத்தில், நெசவாளி தன் கையால் எழுதிய தன்வரலாறும், தன் தொழிலை அளவோடு விளக்கிய பயன்நூலும் மிக அரிய. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005ஆம் ஆண்டளவில் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிவரம் என்னும் திரைப்படம், மகளின் மணச்சேலைக்காகப் பட்டிழை திருடும் நெசவாளியின் கதையைச் சொல்லித் தேசிய விருதும் பெற்றது. ஆராய்ச்சியாளரும் அரசு அலுவலரும் எழுதிய அறிக்கைகள் நிறைய உள்ளன. எல்லாம் பிறர் சொன்னவை.

சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைக்கும் கோர்வை முறைக்குத் தறியில் நெய்பவரோடு பக்கத்தில் மற்றொருவர் அமர்ந்து நாடாவைத் திருப்பித் தள்ள வேண்டும். அவ்விடத்தில் நெடுங்காலம் அமர்ந்தவர்கள் சிறுவர்களே. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பள்ளிக்குப் போகாமல் தறிக்குழிக்குப் போன பிள்ளைகளைப் பற்றி 1990களில் பெரிதும் பேசப்பட்டது. அவர்கட்கெனச் சிறப்புப் பள்ளிகளும் எழுந்தன. அப்பிள்ளைகள் இன்று நாற்பதைக் கடந்தவர்கள். அவர்களுள் சிலருடைய மக்கள் இன்று கல்லூரி வகுப்புகளில் அமர்ந்திருக்கக் கூடும்.

ஆகவே இவ்வட்டாரத்து மாணவர் விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு தறிவீடு ஒன்றிற்குச் செல்லலாம். பாட்டன் பெருமையைக் கேட்பதைவிடக் கேட்கத்தக்கவை வேறு உள. விடியுமுன் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்ட நாளில் திடீரென மழை வந்தால் என்ன செய்தீர்கள்? ஒரு பாவுக்கு எத்தனை சேலை? ஒரு சேலைக்கு எத்தனை நாள், கூலி எவ்வளவு, அதில் கோர்வைப் பிள்ளைக்கு எவ்வளவு? சரிகையில் வெள்ளி குறைந்ததைக் கையால் தொட்டே எவ்வாறு கண்டுபிடித்தீர்கள்? முந்தியில் நிறம் மாறும் இடத்தில் ஆயிரக்கணக்கான இழைகளைப் பிணைத்தவர் யார், வீட்டுப் பெண்களா? அவர்கள் பெயர் கூலிக் கணக்கில் எழுதப்பட்டதா? முன்பணம் வாங்கிய அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள்? தறியை விற்ற நாள் எது? நீங்கள் நெய்த சேலையை உங்கள் வீட்டில் யாரேனும் உடுத்தியதுண்டா?

விடைகளைச் சொன்னவர் சொன்னபடியே, அவர் பேச்சிலேயே எழுதுதல் வேண்டும். மழைக்கும் பாவுக்கும் சரிகைக்கும் கிடைக்கும் விடைகள் பயன்நூலின் ஏடுகள் ஆகும். கடைசி மூன்று வினாக்களுக்கு உடனே விடை கிடைக்கும் என எதிர்பார்க்கலாகாது. பேசாதிருந்தால் காத்திருக்கலாம், மறுவாரம் செல்லலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். எழுதி முடித்த ஏட்டை அச்சுக்குக் கொடுக்குமுன், சொன்னவர் எதிரில் அமர்ந்து முழுவதும் உரக்கப் படித்துக்காட்டி, அவர் நீக்கச் சொன்னதை நீக்கி, அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.